‘கலகக்காரர்கள்’ என்ற பெயர் அழிய 80 வருடம்

சான் ஃபிரான்சிஸ்கோவில் படகு ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் வலேஹோ வந்துவிடும். கரையில் இறங்கித் திரும்பிப் பார்த்தால், ஆற்றுக்கு அந்தப் பக்கம் ராட்சத கிரேன்கள் அசையாமல் நிற்பது தெரியும். பக்கத்தில் நீள நீளமான பழைய பட்டறைக் கட்டடங்கள். அதுதான் மேர் ஐலண்ட். 1854 முதல் 1996 வரை, 142 ஆண்டுகள் அமெரிக்கக் கடற்படைக்குக் கப்பல் கட்டிக் கொடுத்த இடம்.

கப்பல் தளம் மூடப்பட்டுவிட்டது. ஆனால் ஊர் முழுக்க நினைவுச் சின்னங்கள் இருக்கின்றன. தளபதிக்கு ஒன்று, கப்பலுக்கு ஒன்று, நீர்மூழ்கிக்கு ஒன்று. ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு கதை. அதே தளத்தில், 1944-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், 258 இளைஞர்கள் ஒரு வேலையைச் செய்ய மறுத்து நின்றார்கள். அந்தக் கதையை நாடு சரியாகச் சொல்லி முடிக்க மட்டும் 80 வருடம் ஆனது.

குதிரை கொடுத்த பெயர்

முதலில் பெயர்க் கதை. ‘மேர்’ என்றால் பெண் குதிரை. அந்தப் பகுதி மெக்சிகோவின் ஆட்சியில் இருந்த காலத்தில், மரியானோ வலேஹோ என்ற ஜெனரலுக்கு அங்கே ஏராளமான நிலம் இருந்தது. கால்நடைகளைத் தெப்பத்தில் ஏற்றி நீர்ச்சந்தியைக் கடக்கும்போது தெப்பம் கவிழ்ந்துவிட்டதாம். போனது போனதுதான் என்று நினைத்திருந்த ஜெனரலின் வெள்ளைக் குதிரை, நீந்திப் போய் எதிரே இருந்த தீவில் கரையேறியிருந்தது. அதனால் ஸ்பானிஷ் மொழியில் ‘குதிரைத் தீவு’ என்று பெயர் வந்தது என்பது ஊரார் சொல்லும் கதை. அமெரிக்கர்கள் வந்த பிறகு அதையே ஆங்கிலத்தில் மேர் ஐலண்ட் ஆக்கிக்கொண்டார்கள்.

ஜெனரலின் பெயர் ஊருக்கு வந்தது. 1850-களின் தொடக்கத்தில் கொஞ்ச காலம் கலிஃபோர்னியாவின் தலைநகராகக்கூட இருந்த ஊர் வலேஹோ. சட்டமன்றம் சீக்கிரமே வேறு ஊருக்குப் போய்விட்டது. அந்த வெற்றிடத்தை நிரப்ப வந்ததுதான் கடற்படை.

1854 செப்டம்பரில் டேவிட் ஃபாராகட் என்ற அதிகாரி பொறுப்பேற்றார். பசிபிக் கரையில் அமெரிக்கக் கடற்படைக்குக் கிடைத்த முதல் தளம் அதுதான். கலிஃபோர்னியா மாநிலத்தின் வரலாற்றுச் சின்னங்கள் பட்டியலில் 751-வது எண் இந்தத் தளத்துக்கு உரியது. 1975-இல் தேசிய வரலாற்றுச் சின்னமாகவும் அறிவித்தார்கள்.

ஜெனரலின் பெயர் கடலுக்கும் போனது. 1960-களில் இதே தளத்தில் கட்டிய அணுசக்தி நீர்மூழ்கி ஒன்றுக்கு மரியானோ வலேஹோவின் பெயரையே வைத்தார்கள். கப்பல் ஓய்வுபெற்ற பிறகு அதன் உச்சியில் இருந்த கோபுரம் போன்ற பகுதியை மட்டும் வெட்டி எடுத்துவந்து, பிறந்த இடத்திலேயே நினைவாக வைத்திருக்கிறார்கள். ஊருக்குள் பழைய நகராட்சிக் கட்டடத்தில் இயங்கும் அருங்காட்சியகத்தில் நிஜ நீர்மூழ்கியிலிருந்து கழற்றிய பெரிஸ்கோப் ஒன்று உண்டு. கண்ணை வைத்துச் சுற்றிப் பார்த்தால் ஊரும் ஆறும் தெரியும். குழந்தைகளை அங்கிருந்து நகர்த்துவது கஷ்டம்.

பதினேழரை நாளில் ஒரு போர்க்கப்பல்

மேர் ஐலண்டில் கட்டிய கப்பல்கள் 500-க்கும் மேல். அவற்றில் ‘வார்ட்’ என்ற நாசகாரிக் கப்பலின் கதை நம்ப முடியாத ஒன்று.

முதல் உலகப் போர் உச்சத்தில் இருந்த 1918 மே 15-ஆம் தேதி அதற்கு அடித்தளம் போட்டார்கள். ஜூன் 1-ஆம் தேதி கப்பல் தண்ணீரில் இறங்கிவிட்டது. பதினேழரை நாள்! சாதாரணமாக மாதக்கணக்கில் நடக்கும் வேலை அது. பாகங்களை முன்கூட்டியே பட்டறையில் தயாரித்து வைத்துக்கொண்டு, இரவு பகலாகப் பொருத்தி முடித்தார்கள்.

23 வருடம் கழித்து, 1941 டிசம்பர் 7 அதிகாலை, ஹவாயின் பேர்ல் ஹார்பர் வாசலில் காவல் சுற்றிக்கொண்டிருந்தது இதே வார்ட். உள்ளே நுழையப் பார்த்த ஜப்பானியக் குட்டி நீர்மூழ்கி ஒன்றைச் சுட்டு மூழ்கடித்தது. விமானங்கள் வந்து குண்டு போடுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பே நடந்த சம்பவம் இது. அந்தப் போரில் அமெரிக்கா சுட்ட முதல் குண்டு அதுதான் என்கிறார்கள். கப்பலின் தலைவர் வில்லியம் அவுட்டர்பிரிட்ஜ் பொறுப்பேற்று இரண்டே நாள் ஆகியிருந்தது. அவர் அனுப்பிய எச்சரிக்கை மேலே போய்ச் சேர்வதற்குள் தாமதமாகிவிட்டது. ‘நிஜமாகவே சுட்டாரா?’ என்று பலருக்குச் சந்தேகம் இருந்தது. 2002-இல் கடலடியில் அந்தக் குட்டி நீர்மூழ்கியைக் கண்டுபிடித்தபோது, குண்டு துளைத்த ஓட்டை அப்படியே இருந்தது.

இன்னொரு விசித்திரம். சரியாக மூன்று வருடம் கழித்து, 1944 டிசம்பர் 7-ஆம் தேதி, பிலிப்பைன்ஸ் அருகே தற்கொலைத் தாக்குதல் விமானம் மோதி வார்ட் தீப்பிடித்தது. காப்பாற்ற முடியாது என்றானதும், பக்கத்தில் இருந்த ‘ஓப்ரையன்’ என்ற கப்பல் அதைச் சுட்டு மூழ்கடித்தது. ஓப்ரையனின் தலைவர் யார் தெரியுமா? அதே அவுட்டர்பிரிட்ஜ்!

இப்படிக் கப்பல் மேல் கப்பலாகக் கட்டியதால் இரண்டாம் உலகப் போரின்போது மேர் ஐலண்டில் 40,000-க்கும் மேற்பட்டோர் வேலை பார்த்தார்கள். அதில் ஆயிரக்கணக்கான பெண்கள். வெல்டிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரும்புத் தகடுகளை ஒட்டினார்கள். தங்க இடமில்லாமல் ஊர் திணறியது. அவசர அவசரமாகக் குடியிருப்புகள் கட்டினார்கள். பக்கத்து ஊர்களிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து இறங்கினார்கள்.

தேவாலயமும் கல்லறைத் தோட்டமும்

தீவுக்குள் அமைதியான இடம் என்றால் 1901-இல் கட்டிய செயின்ட் பீட்டர்ஸ் தேவாலயம். மரத்தால் ஆன சின்னக் கோயில். உள்ளே போனால் சுற்றிலும் வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள். நியூயார்க்கின் புகழ்பெற்ற டிஃபனி பட்டறையில் செய்தவை. மாலை வெயில் விழும்போது தரையெல்லாம் நிறமாகிவிடும். பல ஜன்னல்கள் இறந்துபோன கடற்படையினரின் நினைவாக வைக்கப்பட்டவை.

தீவின் தெற்கே கல்லறைத் தோட்டம். பசிபிக் கரையின் மிகப் பழைய கடற்படைக் கல்லறைகளில் ஒன்று. 800-க்கும் மேற்பட்டவர்கள் இங்கே உறங்குகிறார்கள். அமெரிக்க தேசிய கீதத்தை எழுதிய ஃபிரான்சிஸ் ஸ்காட் கீயின் மகளும் அவர்களில் ஒருவர். 1863-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் தீயை அணைக்கப் போய் உயிர்விட்ட ரஷ்ய மாலுமிகள் ஆறு பேருக்கும் இங்கேதான் இடம் கிடைத்தது.

1996-இல் தளத்தை மூடிய பிறகு இந்தக் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ஊரின் தலையில் விழுந்தது. ஊரிடம் பணம் இல்லை. 2008-இல் வலேஹோ நகராட்சி திவால் மனுவே போட்டுவிட்டது. கற்கள் சாய்ந்தன, களை மண்டியது. தன்னார்வலர்கள் கையில் கத்தரிக்கோலும் துடைப்பமும் எடுத்துக்கொண்டு வந்துதான் கல்லறைகளைச் சுத்தம் செய்தார்கள்.

கல்லில் பெயர் இருந்தவர்களுக்கே இந்த நிலை. மறுத்து நின்ற அந்த 258 பேரின் கதை இனி.

இரவு மணி 10:18

வலேஹோவுக்குக் கிழக்கே 20 கிலோமீட்டர் சொச்சம் தூரத்தில் போர்ட் சிகாகோ என்ற இடம். பசிபிக் போர்முனைக்குப் போகும் குண்டுகளையும் வெடிமருந்தையும் கப்பலில் ஏற்றுவதற்காகவே கடற்படை அமைத்த துறை அது.

ஏற்றும் வேலை முழுவதும் கறுப்பின மாலுமிகளுக்கு. மேற்பார்வை வெள்ளையின அதிகாரிகளுக்கு. அன்றைய கடற்படையில் இன ஒதுக்கல்தான் சட்டம். பையன்களுக்குப் பத்தொன்பது, இருபது வயது. போருக்குப் போகிறோம் என்று சேர்ந்தவர்களைக் குண்டு சுமக்க அனுப்பினார்கள். வெடிபொருளைக் கையாள முறையான பயிற்சி எதுவும் கொடுக்கவில்லை. ஒவ்வொரு சரக்கறைக்கும் மணிக்கு 10 டன் ஏற்ற வேண்டும் என்று இலக்கு மட்டும் வைத்தார்கள். எந்தக் குழு அதிகம் ஏற்றும் என்று அதிகாரிகள் பந்தயம் கட்டிக்கொண்டார்கள்.

1944 ஜூலை 17, இரவு மணி 10:18. ‘இ. ஏ. பிரையன்’ என்ற கப்பலில் ஏற்கெனவே 4,600 டன் வெடிபொருள் ஏறியிருந்தது. ‘குவினால்ட் விக்டரி’ என்ற இன்னொரு கப்பல் அடுத்து ஏற்றுவதற்காக எதிர்ப்பக்கம் நின்றிருந்தது. எல்லாம் ஒரே நொடியில் வெடித்தது. பிரையன் கப்பல் இருந்த சுவடே இல்லை. 320 பேர் இறந்தார்கள். அதில் 202 பேர் கறுப்பின மாலுமிகள். 390 பேர் காயமடைந்தார்கள். அடையாளம் காணக்கூடிய நிலையில் கிடைத்த உடல்கள் 51 மட்டுமே.

மறுநாள் முதல், எஞ்சியிருந்த மாலுமிகள் தங்கள் நண்பர்களின் உடல் துண்டுகளைக் கூடையில் பொறுக்கினார்கள். வெள்ளையின அதிகாரிகளுக்கு மனம் தேறுவதற்காக 30 நாள் விடுப்பு கிடைத்தது. மாலுமிகளுக்கு அது கிடைக்கவில்லை.

இறந்தவர்களின் குடும்பத்துக்குத் தலா 5,000 டாலர் கொடுக்கலாம் என்று பேச்சு வந்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர் என்று தெரிந்ததும் ஜான் ராங்கின் என்ற மிசிசிப்பி எம்.பி. எதிர்த்தார். கடைசியில் தொகை 3,000 டாலராகக் குறைந்தது.

ஆகஸ்ட் 9

உயிர் பிழைத்தவர்களை மேர் ஐலண்ட் பக்கம் கொண்டுவந்து தங்கவைத்தார்கள். மூன்று வாரம் ஓடியது. ஆகஸ்ட் 9-ஆம் தேதி வரிசையாக அணிவகுத்து நடக்கச் சொன்னார்கள். எங்கே போகிறோம் என்று யாரும் சொல்லவில்லை. பாதை ஒரு இடத்தில் பிரிந்தது. ஒரு பக்கம் திரும்பினால் வெடிபொருள் ஏற்றும் துறை. அந்தப் பக்கம் போகச் சொன்னதும் அணி நின்றுவிட்டது.

258 பேர் மறுத்தார்கள். யாரும் கையை ஓங்கவில்லை. யாரும் ஆயுதம் எடுக்கவில்லை. ‘வேறு எந்த வேலை சொன்னாலும் செய்கிறோம், வெடிகுண்டு மட்டும் வேண்டாம், பயமாக இருக்கிறது’ என்பதுதான் அவர்கள் சொன்னதன் சாரம்.

அவர்களைத் தட்டைப் படகு ஒன்றில் ஏற்றி மூன்று நாள் அடைத்துவைத்தார்கள். பிறகு கார்ல்டன் ரைட் என்ற அட்மிரல் வந்தார். போர்க்காலத்தில் கலகம் செய்தால் சுட்டுக்கொல்லும் தண்டனைகூட உண்டு என்று எச்சரித்தார். 208 பேர் வேலைக்குத் திரும்ப ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்ட பிறகும் அவர்களுக்கு உத்தரவை மீறியதற்கான தண்டனை உண்டு. மீதி 50 பேர் மேல் கலகக் குற்றம் சுமத்தினார்கள்.

அந்த 50 பேரில் ஒருவர் முந்தின நாள்தான் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டவர். கட்டுப் போட்ட கையால் எந்தக் குண்டைத் தூக்கியிருக்க முடியும்? அவரும் கலகக்காரர் ஆனார்.

80 நிமிடம்

1944 செப்டம்பர், அக்டோபரில் விசாரணை நடந்தது. அமெரிக்கக் கடற்படை வரலாற்றிலேயே ஒரே நேரத்தில் இத்தனை பேர் மீது நடந்த கலக வழக்கு வேறு இல்லை. பார்வையாளராக வந்து உட்கார்ந்தார் ஓர் இளம் வழக்கறிஞர். பெயர் தர்குட் மார்ஷல். பின்னாளில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி ஆனவர். ‘இவர்கள் மேல் நடக்கும் வழக்கு அல்ல இது, கறுப்பினத்தவரைக் கடற்படை நடத்தும் விதத்தின் மேல் நடக்க வேண்டிய வழக்கு’ என்ற ரீதியில் அவர் வெளியே போய்ப் பேசினார், எழுதினார்.

பலன் இல்லை. ஆறு வாரம் நடந்த வழக்கில் நீதிபதிகள் கூடிப் பேசி முடிவெடுக்க ஆன நேரம் 80 நிமிடம். ஆளுக்கு இரண்டு நிமிடம்கூட இல்லை. 50 பேரும் குற்றவாளிகள். 15 வருடம் வரை சிறை.

போர் முடிந்தது. நாடு முழுக்க எதிர்ப்பு எழுந்திருந்தது. 1946 ஜனவரியில் பெரும்பாலானவர்களை விடுவித்தார்கள். அடுத்த மாதமே கடற்படை தன் இன ஒதுக்கல் விதிகளை நீக்கியது. அவர்கள் மறுத்து நின்றதற்கும் அந்த மாற்றத்தில் பங்கு உண்டு என்பது வரலாற்றாசிரியர்கள் சொல்வது. ஆனால் தீர்ப்பு மட்டும் ரத்தாகவில்லை. ‘கலகக்காரன்’ என்ற சொல் அவர்கள் பெயரோடு ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தது.

மன்னிப்பு யாருக்கு வேண்டும்?

வேலை கேட்கப் போன இடத்தில் அதைச் சொல்ல முடியாது. கல்யாணம் பேசும்போது சொல்ல முடியாது. பிள்ளைகளிடமும் சொல்ல முடியாது. அவர்களில் ஒருவரான ஃப்ரெடி மீக்ஸ் பல பத்தாண்டுகள் பெற்ற பிள்ளைகளிடம்கூட அதைப் பற்றிப் பேசவில்லை.

1994-ஆம் ஆண்டைப் பாருங்கள். ஜனவரியில், வழக்கை மறுபடி ஆராய்ந்த கடற்படை, தீர்ப்பு சரிதான் என்று அறிவித்தது. ஜூலையில், அதே வெடிவிபத்தில் இறந்தவர்களுக்காகப் போர்ட் சிகாகோவில் தேசிய நினைவுச்சின்னம் திறந்தது. இறந்தவர்களுக்கு மரியாதை கிடைத்தது. அவர்களோடு தோளோடு தோள் நின்று, பிழைத்த பிறகு ‘மறுபடி வேண்டாம்’ என்று சொன்னவர்களுக்குக் களங்கம் நீடித்தது. ஒரே வருடத்தில் இரண்டும் நடந்தன.

50 பேரின் தலைவர் என்று வழக்கில் முத்திரை குத்தப்பட்டவர் ஜோ ஸ்மால். மன்னிப்பு கேட்டு மனுப் போட அவர் கடைசி வரை சம்மதிக்கவில்லை. மன்னிப்பு என்றால், ‘தப்பு செய்தாய், போகட்டும் விட்டுவிடுகிறோம்’ என்று அர்த்தம். தப்பே செய்யாதவன் ஏன் கேட்க வேண்டும் என்பது அவர் நிலை. 1996-இல் அவர் காலமானார். அதே வருடம் ஏப்ரல் 1-ஆம் தேதி மேர் ஐலண்ட் தளமும் கதவைச் சாத்தியது.

ஃப்ரெடி மீக்ஸ் வேறு மாதிரி யோசித்தார். உண்மையை ஊர் அறியட்டும் என்று மனுப் போட்டார். 1999 டிசம்பரில் அதிபர் பில் கிளின்டன் மன்னிப்பு வழங்கினார். மீக்ஸுக்கு அப்போது 80 வயது. ஜோ ஸ்மாலும் சரி, மீக்ஸும் சரி, தங்களுக்குச் சரி என்று பட்டதைச் செய்தார்கள். இரண்டு பேருக்குமே கிடைக்க வேண்டியது மன்னிப்பு அல்ல என்பதுதான் விஷயம்.

ஜூலை 17, 2024

விபத்து நடந்து சரியாக 80 வருடம் ஆன அன்று, கடற்படைச் செயலர் கார்லோஸ் டெல் டோரோ ஓர் அறிவிப்பு வெளியிட்டார். விசாரணையில் சட்டப் பிழைகள் இருந்தன, 50 பேரையும் ஒன்றாக நிறுத்தி விசாரித்தது தவறு, தகுந்த வழக்கறிஞர் உதவியும் கிடைக்கவில்லை என்று கடற்படையே ஒப்புக்கொண்டது. மறுத்து நின்ற 258 பேரில் இருவர் முன்பே விடுவிக்கப்பட்டிருந்தார்கள். மீதி 256 பேரும் குற்றமற்றவர்கள் என்று அறிவித்தார்கள். இது மன்னிப்பு அல்ல, தீர்ப்பையே நீக்கியது. ஜோ ஸ்மால் கேட்டது இதைத்தான்.

அதைக் கேட்க அந்த 50 பேரில் ஒருவரும் உயிரோடு இல்லை. பிள்ளைகளும் பேரப் பிள்ளைகளும் கேட்டார்கள். தாத்தாவின் பணிப் பதிவேட்டைத் திருத்தித் தரும்படி குடும்பத்தினர் கடற்படையிடம் விண்ணப்பிக்கலாம் என்றும் சொன்னார்கள்.

போர்ட் சிகாகோ நினைவிடம் இன்றும் ராணுவ வளாகத்துக்குள் இருக்கிறது. நினைத்தவுடன் போய்விட முடியாது. முன்கூட்டியே பதிவு செய்து, தேசியப் பூங்காத் துறையின் ஆட்கள் கூட்டிப்போனால்தான் உண்டு. பக்கத்து ஊரான கான்கார்டில், பழைய வெடிமருந்துக் கிடங்கு நிலத்தில் அமையும் புதிய பூங்காவுக்குத் தர்குட் மார்ஷல் பெயரை வைத்திருக்கிறார்கள். பெயரோடு ‘போர்ட் சிகாகோ 50 பேரின் இல்லம்’ என்ற சொற்களும் சேர்ந்திருக்கின்றன.

மேர் ஐலண்டில் இப்போது புதிய வீடுகள் வந்திருக்கின்றன. பழைய பட்டறைகளில் சிறு தொழில்கள் நடக்கின்றன. கிரேன்களைப் படம் எடுக்க ஆட்கள் வருகிறார்கள். தளத்தில் வேலை பார்த்துப் பணி ஓய்வு பெற்றவர்கள், வருகிறவர்களுக்குப் பொறுமையாகக் கதை சொல்கிறார்கள். பதினேழரை நாளில் கட்டிய கப்பலைப் பற்றிச் சொல்லும்போது அவர்கள் முகத்தில் பெருமை தெரியும். இனி ஆகஸ்ட் 9-ஆம் தேதி நின்ற அணியைப் பற்றியும், ‘கலகம்’ என்ற சொல் இல்லாமல் சொல்லலாம்.